கோடிச்சேலையும் கண்டக்டரின் மூக்கும்

நம் சலவைக் கடைக்கு வருகிறவர்கள் துணியைத் திரும்ப வாங்கும்போது முதலில் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தீர்களா? விரித்துப் பார்ப்பதில்லை. மூக்கில் வைத்துப் பார்ப்பார்கள். பெட்ரோல் வாஷ் போட்ட பட்டுச்சேலை என்றால் கொஞ்சம் பெட்ரோல் வாடை இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால், "என்ன தங்கச்சி, தண்ணியில முக்கிக் குடுத்துட்டீகளா?" என்பார்கள். சற்றுக் கூடுதலாக இருந்துவிட்டால், "இதைக் கட்டிக்கிட்டு அடுப்படிப் பக்கம் போக முடியுமா?" என்பார்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் ஒரு நாற்காலி இருக்கிறது. அதில்தான் அடுத்த வாரத்திலிருந்து, என் இடத்துக்குப் புதிதாக வரும் நீங்கள் இருவரும் மாற்றி மாற்றி உட்காரப் போகிறீர்கள்.

என் வீட்டுக்காரருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. மகளையும் அங்கேதான் பள்ளியில் சேர்க்க வேண்டும். முப்பது வயது ஆகாத ஒருத்தி, ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி போல அனுபவம் சொல்லக் கிளம்புவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்து, பிறகு எழுத உட்கார்ந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

எந்தத் துணிக்கு என்ன வாஷ், எதை நிழலில் போடுவது, எதை எப்படி மடிப்பது என்பதையெல்லாம் பின்கட்டில் இருக்கும் துரைராசு அண்ணன் சொல்லித் தருவார். கேலியும் கிண்டலுமாகச் சொல்லித் தருவார், ஆனால் சரியாகத்தான் சொல்லித் தருவார். நான் சொல்ல வந்தது வேறு. கறை போய்விட்டதா இல்லையா என்று யார் சொல்வது? நம் வேலையில் கடினமான இடம் அதுதான். ஒரு கோடிச்சேலையை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

அது வைகாசி மாதம். காற்று அனலாக வீசிக்கொண்டிருந்தது. முதலாளி ஒரு விசேஷத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தார். கடை என் பொறுப்பு. என் மகள் எஸ்தர் அப்போது பால்குடி மறக்காத பிள்ளை. பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வருவேன். மத்தியானம் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவேன். பெட்ரோல் வாடையோடு பிள்ளையைத் தூக்கினால் அதற்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். ஆகாது என்று எல்லோரும் சொன்னார்கள். அதனாலேயே பயம் கூடிவிட்டது. அதனால் எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். கடைக்கு ஒரு சேலை, வீட்டுக்கு ஒரு சேலை. வீட்டுக்குள் நுழைந்ததும் கைகால் கழுவி, சேலை மாற்றி, அதன் பிறகுதான் பிள்ளை. இந்தச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

ஒரு திங்கட்கிழமை, வெயில் ஏறிய நேரத்தில், காடுகரை பார்க்கும் சம்சாரி வீட்டு அம்மா ஒருத்தர் கடைக்குள் வந்தார். அவரைச் சீனியம்மாள் என்று வைத்துக்கொள்வோம்; அது அவர் பெயர் இல்லை. திருச்சுழி போகும் பாதையில் ஒரு கிராமம். ஒரு அட்டைப்பெட்டியை இரண்டு கைகளாலும், உடம்பில் படாமல், பாம்பைப் பிடித்து வருவது போல நீட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இங்க கறை எடுப்பீகளா?"

"எடுப்போம்மா. என்ன கறை?"

"மெல்லப் பேசு தாயி."

கடையில் நானும் துரைராசு அண்ணனும் தவிர யாரும் இல்லை. ஆனாலும் அவர் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் பெட்டியைத் திறந்தார். வாழை இலைப் பச்சையில் அரக்கு பார்டர் போட்ட பட்டுச்சேலை. அதைப் பார்ப்பதற்கு முன்னால் வாடை வந்துவிட்டது. மண்ணெண்ணெய். அடி மூலையில் ஊறி, மடிப்புக்கு மடிப்பு இறங்கியிருந்தது. விரித்தால் வரிசையாகத் தீவுகள்.

"எம் மகனுக்குக் கல்யாணம். இது கூறைச்சேல" என்றார். "அந்தப் பொண்ணே அருப்புக்கோட்டைக்கு வந்து ஆசப்பட்டு எடுத்துச்சு. எடுத்துட்டு எல்லாரும் ஒரே பஸ்ஸுலதான் போனோம். சம்மந்தி வீட்டாளுக திருச்சுழி வரைக்கும் போகணும், நான் நடுவுல எறங்கிருவேன். மடியில பாத்திரக் கட்டு இருந்துச்சுன்னு சேலப் பெட்டியக் காலடியில வச்சேன். எந்தச் சண்டாளன் வச்ச கேனோ, சீட்டுக்கு அடியில ஒழுகிருக்கு. வீட்டுல போய் எறக்கி வைக்கையிலதான் தெரியுது."

பஸ்ஸில் மண்ணெண்ணெய் ஏற்றக்கூடாது. ஆனால் எல்லோரும் ஏற்றுவார்கள். கேனைச் சாக்கில் சுற்றி, தன் சீட்டுக்கு அடியில் வைக்காமல் வேறு யாருடைய சீட்டுக்கு அடியிலாவது தள்ளிவிட்டு, தூரமாகப் போய் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். மாட்டினால் அது யாருடைய கேனும் இல்லை.

"மறுநா அந்தக் கண்டக்டரைப் பஸ்டாண்டுலயே வச்சு நாலு கேள்வி நாக்கப் புடுங்குற மாதிரி கேட்டேன். என்ன கேட்டு என்ன? வெள்ளிக்கெழம சேலயப் பொண்ணு வீட்டுல கொண்டு போய்க் குடுக்கணும். அங்க பொம்பளைக எல்லாம் கை மாத்திக் கை மாத்திப் பாப்பாக."

"இன்னொரு சேலை எடுத்துக்கலாமேம்மா" என்றேன். பேச்சுக்குத்தான் சொன்னேன்.

"இதே மாதிரி வேற இல்லன்னுட்டான் கடக்காரன். வேறயக் கொண்டு போனா அந்தப் புள்ள கண்டுபுடிச்சிரும். ஏன் மாத்துனீகன்னு கேட்டா என்னத்தச் சொல்ல?" அவர் குரல் இறங்கிவிட்டது. "மாமியா மருமகளுக்குக் குடுக்குற மொதச் சேல தாயி. அதுல மண்ணெண்ண வாடை அடிச்சா அவுக என்ன நெனைப்பாக? பேப்பர்ல தெனமும் ஒண்ணு போடுறானா இல்லையா, ஸ்டவ்வு வெடிச்சிருச்சு ஸ்டவ்வு வெடிச்சிருச்சுன்னு?"

எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் துரைராசு அண்ணன் வாயே திறக்கவில்லை. நானும் பேப்பர் படிக்கிறவள்தான். மருமகள்களுக்கு வெடித்த ஸ்டவ் எதுவும் மாமியாருக்கு வெடித்ததாக நான் படித்ததில்லை. அப்படிப்பட்ட காலத்தில், வஞ்சகமில்லாத ஒரு மாமியார், பெண் வீட்டார் பயந்துவிடுவார்களே என்று பயந்து போய் என் மேசைக்கு முன்னால் நின்றார். கல்யாணம் நிற்காமல் போனாலும், அந்தப் பெண் முதல் நாளிலிருந்தே இவரை ஒரு மாதிரியாகப் பார்க்குமே. அதுதான் அவர் கவலை.

"எடுத்துரலாம்மா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எடுக்க முடியுமா என்று யோசித்தேன்.

"ஆனா ஒண்ணு" என்றார் அவர். "தண்ணி படக்கூடாது. பட்டா அது கோடி இல்ல."

உங்களுக்குத் தெரியாதிருக்காது. கோடி என்றால் நனையாத புதுத்துணி. கல்யாணப் பெண் கட்டுவதற்கு முன் அதில் தண்ணீர் படலாகாது.

"தண்ணி படாதும்மா. பெட்ரோல்லதான் அலசுவோம்."

அவர் யோசித்தார். "பெட்ரோல்ல அலசுனா நனைச்ச கணக்கா, நனைக்காத கணக்கா?"

இதை எந்தப் பள்ளியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் துரைராசு அண்ணனைப் பார்த்தேன்.

"நனைச்ச கணக்குல வராது மதினி" என்றார் அவர், வாய் திரும்பிவிட்ட மகிழ்ச்சியில். "வானத்துல இருந்து வந்தாத்தான் தண்ணி. பெட்ரோலு லாரியில வருது. நம்ம ஊருல லாரியில வாரது தண்ணியும்தான், அது வேற வெசயம்."

"நீ சும்மா இருய்யா. தாயி, நீ சொல்லு. நீங்க வேதக்காரவுக, பைபிள் படிச்சவுக. ஒங்க சாமி இதுக்கு என்ன சொல்லும்?"

"எங்க சாமி பெட்ரோலைப் பத்தி ஒண்ணும் சொல்லலம்மா" என்றேன். "ஆனா அது தண்ணி இல்ல. அது நிச்சயம்."

"அப்பச் சரி" என்று பெட்டியை என் பக்கம் தள்ளினார். ஒரு வீட்டின் சாஸ்திரத்தை இப்படி மேசையில் வைத்துத் தீர்த்துவிட்டோமே, சரியா தவறா என்று எனக்கு அன்று முழுவதும் உறுத்தல். ஆனால் வாடிக்கையாளர் நம்மிடம் கேட்பது சில நேரம் சலவை மட்டும் இல்லை. தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்லுங்கள். தெரியாததைச் சொல்லாமல் விடுங்கள். அன்று நான் கடைப்பிடித்தது அது ஒன்றுதான்.

கறை போய்விட்டது. முகப்பவுடரைத் தூவி எண்ணெயை உறிஞ்ச வைத்து, பெட்ரோலில் அலசி, பின்கட்டு நிழலில் காற்றாட விட்டதில் தீவுகள் எல்லாம் மறைந்துவிட்டன. தேய்க்கவில்லை. இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: எண்ணெய் வாடை முழுசாகப் போகாத துணிக்குப் பக்கத்தில் தேய்ப்புப் பெட்டியைக் கொண்டு போகாதீர்கள். சூடு பட்டால் வாடை நூலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பெட்ரோல் காயாமல் இருந்தால் வாடையோடு கடையும் போய்விடும்.

கறை கண்ணுக்குத் தெரியும், போனால் போனதுதான். வாடை அப்படி இல்லை. சேலையை ஒரு தகரப்பெட்டியில், வெள்ளைத்துணியில் கட்டிய கரிக்கட்டிகளுக்கு நடுவே வைத்து மூடினோம். நம் பக்கத்துச் சீமைக்கருவேலங்கரிக்கு வாடை இழுக்கும் குணம் உண்டு. இழுத்துவிட்டதா என்று பார்க்க வேண்டுமே? துரைராசு அண்ணனிடம் நீட்டினேன். அவர் ஆழமாக முகர்ந்தார்.

"பிரமாதம். ஒண்ணுமே இல்ல."

"அண்ணே, நேத்துக் கறையோட இருக்கும்போதும் இதைத்தான் சொன்னீங்க."

"அப்ப நேத்தும் பிரமாதம்தான்."

அவர் மூக்கு செத்துப் பல காலம் ஆகிறது. கருவாட்டையும் கதம்பத்தையும் பக்கத்தில் வைத்தால் கண்ணால் பார்த்துத்தான் சொல்வார். என் மூக்கும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து டீக்கடைக்காரரைக் கேட்கலாம் என்றால், அவர் நாள் முழுக்க மண்ணெண்ணெய் அடுப்புக்கு முன்னால் நிற்கிறவர். சீனியம்மாளிடம் காட்டலாம் என்றால், அவருக்கு இப்போது காப்பியிலும் மண்ணெண்ணெய் வாடை, குடிக்கிற தண்ணீரிலும் மண்ணெண்ணெய் வாடை. ஒன்றும் தெரியாத மூக்கும் பயந்துபோன மூக்கும் சாட்சிக்கு ஆகாது.

புதன்கிழமை காலையில் எனக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்றே இன்றும் நினைக்கிறேன், அதனால் வந்தது வேறு கதை. அந்தத் திருச்சுழி பஸ் கண்டக்டர்! சீனியம்மாளிடம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிக் கட்டிக்கொண்டதிலிருந்து அவர் படிக்கட்டில் நின்று ஏறுகிற ஒவ்வொருவரையும் முகர்ந்துதான் உள்ளே விடுகிறாராம். சாக்கைத் தட்டிப் பார்க்கிறாராம். மண்ணெண்ணெயைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு மூக்கு அரசாங்கச் சம்பளத்தில் நிற்கும்போது நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

சேலையைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கண்டக்டர் டீ குடிக்கப் போயிருந்தார். எங்கேயோ போகிறவள் போல ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் இரண்டு சீட்டுக்கு அப்பால் வரும்போதே நின்றுவிட்டார்.

"யாரும்மா அது, மண்ணெண்ண வச்சுருக்கது?"

எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். அவர் மூக்கைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். பையைத் திறக்கச் சொன்னார். திறந்தேன்.

"இது சேல."

"ஆமாண்ணே, சேலைதான்."

"இதுக்குள்ள கேனு எங்க?"

"கேன் இல்லண்ணே."

"ஏம்மா, என் மூக்கு பொய் சொல்லாது. எறங்கு. எறங்கி அந்தக் கேனை யார்கிட்டக் குடுத்து வச்சியோ அவுக கூடவே அடுத்த பஸ்ஸுல வா."

இறங்கினேன். சேலை மறுபடியும் கரிக்குள் போனது. கரியை மாற்றினோம், காற்றில் விட்டோம், மறுபடி மூடினோம். வியாழக்கிழமை மறுபடியும் போனேன்.

"நேத்தும் நீதான, இன்னைக்கும் நீதானா?" என்று கண்டக்டர் படிக்கட்டிலேயே மறித்தார். "என்னயப் பாத்தா ஒனக்கு எப்படித் தெரியுது?"

"வாடை வருதாண்ணே?" என்று கேட்டேன். எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

"வருதாவா? ஊரே மணக்குது. நக்கல் வேறயா? எறங்கு தாயி, எறங்கு."

கடைக்கு வந்தால் சீனியம்மாள் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. முந்தானை முடிச்சிலிருந்து ஒரு சின்ன அத்தர் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதைத் தெளிச்சுரு."

துரைராசு அண்ணனும், "தெளிச்சுருவோம் தங்கச்சி. சாம்பிராணியும் போட்டா ஒரு பய கண்டுபுடிக்க முடியாது" என்றார்.

எனக்கும் ஒரு நிமிஷம் ஆசை வந்தது. நாளைக்குக் காலையில் சேலை போக வேண்டும். தெளித்துக் கொடுத்துவிட்டால் என் மேசையை விட்டுப் போய்விடும். ஆனால் எனக்கு ஒரு பெண் பிள்ளை இருக்கிறதே. நாளை அதற்கு ஒரு வீட்டிலிருந்து சேலை வருகிறது, அதில் அத்தர் மணக்கிறது, அத்தருக்கு அடியில் மண்ணெண்ணெய் மணக்கிறது என்றால் நான் என்ன நினைப்பேன்? மண்ணெண்ணெய் மட்டும் இருந்தால் கைதவறி என்று நினைக்கலாம். மேலே அத்தரும் இருந்தால் மறைத்தார்கள் என்றுதான் நினைப்பேன்.

"வேண்டாம்மா" என்றேன். "மறைக்க மறைக்கத்தான் சந்தேகம் வரும். நாளைக் காலை வரைக்கும் நேரம் இருக்கு."

"போகலன்னா?"

 பிள்ளைக்குப் பால் கொடுக்கும் நேரம் தாண்டிவிட்டது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

ஓடின வேகத்தில், அந்தச் சேலையை நினைத்துக்கொண்டே, என் சட்டத்தை மறந்துவிட்டேன். கைகால் கழுவவில்லை, சேலை மாற்றவில்லை. அப்படியே பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டேன். எஸ்தர் ஆசையாக முகத்தைக் கொண்டுவந்தாள். மூக்கைச் சுருக்கினாள். ஒரு தும்மல். பிறகு இரண்டு கைகளாலும் என் மார்பில் ஊன்றி என்னைத் தள்ளிவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

பெற்ற பிள்ளை தள்ளிவிட்டதில் முதலில் அழுகை வந்தது. கண்ணீர் இறங்குவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு நாளாக அந்தக் கண்டக்டர் தேடிய கேன் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டதே! நான்தான் அந்தக் கேன். கடைச் சேலையைக் கட்டிக்கொண்டு, பின்கட்டு வாடையைத் தலைமுடி வரைக்கும் ஏற்றிக்கொண்டு, கோடிச்சேலையைச் சோதிக்கப் போயிருக்கிறேன். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ, பஸ்ஸுக்குள் அவருக்கு எல்லாம் ஒன்றுதான். புதன்கிழமை அவர் முகர்ந்தது சேலையையா என்னையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அதை யோசித்து இப்போது பயனும் இல்லை. நீங்கள் மட்டும், துணியைச் சோதிப்பதற்கு முன்னால் சோதிக்கிறவரைச் சோதித்துவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை தலைக்குச் சீயக்காய் தேய்த்துக் குளித்து, வீட்டுச் சேலை கட்டிக்கொண்டு புறப்பட்டேன். கடைக்குள் காலை வைக்கவில்லை. தெருவுக்கு இந்தப் பக்கம் நானும் சீனியம்மாளும் நின்றோம். துரைராசு அண்ணன் சேலை வைத்த புது அட்டைப்பெட்டியைக் குச்சியில் மாட்டிய மாதிரி நீட்டிப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவுக்கு வந்து, ஒரு ஸ்டூலில் வைத்துவிட்டு, பின்பக்கமாகவே நடந்து போனார்.

"மேக்க தள்ளி நில்லுங்க மதினி! காத்து எம்மேல பட்டு ஒங்க மேல வருது" என்று கத்தினார். தெருவே வேடிக்கை பார்த்தது. ஏதோ தொற்றுநோய் என்று நினைத்திருப்பார்கள்.

பஸ்ஸில் என்னைக் கண்டதும் கண்டக்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "வந்துட்டியா? வா வா." பையை வாங்கினார். பெட்டியைத் திறந்து முகர்ந்தார். என் பக்கம் குனிந்து முகர்ந்தார். மறுபடி பெட்டியை முகர்ந்தார். அவர் முகத்தில் வந்த ஏமாற்றம் இருக்கிறதே!

"ஒண்ணும் வரலையே" என்றார், எனக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரிப்பது போல. "சரி, டிக்கெட் எடு."

சீனியம்மாள் என் கையைப் பிடித்தவர் திருச்சுழி வரும்வரை விடவில்லை. "நீயும் கூட வா தாயி, எனக்குப் படபடன்னு வருது" என்று அவர்தான் என்னை அழைத்திருந்தார். பெண் வீட்டில் யாராவது கேட்டால், தனக்கு வேண்டிய பிள்ளை என்று சொல்லிக்கொள்வதாக ஏற்பாடு.

பெண் வீட்டில் ஜமுக்காளம் விரித்துப் பெண்கள் கூடியிருந்தார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், பூவோடு சேலையை வைத்துக் கொடுத்தார் சீனியம்மாள். சேலை கை மாறத் தொடங்கியது. தடவினார்கள், ஜரிகையைத் திருப்பினார்கள். மணப்பெண் கதவோரம் நின்று சேலையையே பார்த்துக்கொண்டிருந்தது. பெண்ணின் சித்தி கைக்கு வந்தபோது அந்த அம்மா சேலையை மூக்கில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன மதினி, இதுல ஒரு வாசமும் இல்லையே?"

சித்தி மறுபடியும் ஒருமுறை முகர்ந்தார்.

"புதுப் பட்டுன்னா ஒரு வாசம் வருமே. கஞ்சி வாசம், கடை வாசம் ஒண்ணையும் காணோம். கோடிதான இது?"

சீனியம்மாள் என் பக்கம் திரும்பினார். கரி தன் வேலையைக் கொஞ்சம் கூடுதலாகவே செய்துவிட்டிருந்தது. இருக்கிற வாடையைப் பற்றியே வாரம் முழுக்கக் கவலைப்பட்ட நான், இல்லாத வாசத்தைப் பற்றி நினைக்கவே இல்லை. கடையில் பெட்ரோல் வாடை இல்லையென்று சண்டைக்கு வருகிறவர்களைத் தினமும் பார்த்தும் நினைக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்ப்பது போல இருந்தது. நடந்ததைச் சொன்னால் சீனியம்மாள் எதற்குப் பயந்தாரோ அது நடக்கும். பொய் சொன்னால் எனக்கு நாக்கு குழறும். தண்ணீர் படாத கோடிதான் என்பது மட்டும் உண்மை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் பெண்ணின் அம்மா எழுந்து வந்து சித்தி கையிலிருந்த சேலையைப் பிடுங்கினார். முந்தானையைப் பார்க்கவில்லை, ஜரிகையைப் பார்க்கவில்லை. மடிப்பைத் திருப்பி, அடி மூலையைப் பிடித்து மூக்கில் அழுத்திக்கொண்டார். அந்தத் தீவுகள் இருந்த அதே மூலை. ஒருமுறை முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி முகர்ந்தார். பிறகு அவர் விட்ட பெருமூச்சு கதவு வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஒரு வாடையும் இல்ல! மகமாயி, ஒரு வாடையும் இல்ல!"

"அதத்தானக்கா நானும் சொல்றேன்" என்றார் சித்தி.

"நீ சும்மா கெட! வாடை இல்லாததுதான் ஒசந்த பட்டு. ஒனக்கென்ன தெரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். சீனியம்மாளும் சிரித்தார், மற்றவர்களை விட அதிகமாக. மணப்பெண் ஓடிவந்து சேலையை வாங்கித் தோளில் போட்டுப் பார்த்தது. எனக்கு மட்டும் அந்த மூலை உறுத்திக்கொண்டே இருந்தது.

கை கழுவக் கொல்லைப்பக்கம் போனேன். பெண்ணின் அம்மா பின்னாலேயே செம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஒன்னயப் பாத்துருக்கேன் தாயி. அருப்புக்கோட்டையில லாண்டரியில உக்காந்துருப்பயில்ல?"

"ஆமா அத்தை."

"சும்மாதான் கேக்குறேன். ஒரு பட்டுல மண்ணெண்ண பட்டுட்டா, அது தடம் தெரியாம போயிருமா?"

"போயிரும் அத்தை."

"மடிச்சு வச்ச பெறகு திரும்பக் கெளம்பாதே?"

"கெளம்பாது."

அவர் செம்பை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். "அந்தப் பட்டுக்காரி யாரு மேல கோவமா இருப்பா?"

அவருக்குப் பின்னால் சுவரோரம் ஒரு கேன் இருந்தது. வாயில் புதுத்துணி சுற்றி, அதற்கு மேல் சணல் கட்டி, அதற்கும் மேல் ஒரு கொட்டாங்குச்சி கவிழ்த்திருந்தது. ஒரு முறை ஒழுகிய கேனுக்குத்தான் அவ்வளவு கட்டுக்காவல் போடுவார்கள்.

"கண்டக்டர் மேல அத்தை" என்றேன். "வேற யார் மேலயும் இல்ல."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பில் கண் நிறைந்துவிட்டது. "கல்யாண வீடு. பெட்ரோமாக்ஸுக்கு எண்ண வேணுமில்ல தாயி? பஸ்ஸுல எங்க எடம் இருக்கோ அங்கதான தள்ள முடியும். வீட்டுக்கு வந்து பாத்தாக் கேனுல பாதியக் காணோம். அந்தச் சீட்டுலதான் சம்மந்தியம்மா உக்காந்துருந்தாக. அன்னையில இருந்து எனக்குத் தூக்கம் இல்ல. சம்மந்தியம்மா மொத வரிசையே கோணலாப் போச்சேன்னு நெனச்சுருவாகளோன்னு..." அதற்கு மேல் சொல்லவில்லை. வீட்டுக்குள் ஓடிப்போய் ஒரு சின்னச் சாக்கு நிறைய நிலக்கடலை கொண்டுவந்து என் கையில் திணித்தார்.

திரும்பும்போதும் அதே பஸ், அதே கண்டக்டர். சீனியம்மாள் சன்னலோரம் உட்கார்ந்து, சம்மந்தியம்மாவைப் போல ஒரு மனுஷி உலகத்தில் உண்டா என்று சொல்லிக்கொண்டே வந்தார். கண்டக்டர் எங்களைத் தாண்டிப் போனார். நின்றார். திரும்பி வந்தார்.

"மறுபடியுமா!"

சீனியம்மாளும் மூக்கைத் தூக்கினார். "ஆமா, அடிக்குதே. எங்கிட்டு இருந்து வருது?" என்று கேட்டுக்கொண்டே என் காலடிப் பக்கம் குனிந்தார்.

அப்போதுதான் சாக்கைப் பார்த்தேன். அதன் அடியில் வட்டமாக ஒரு கறை. அந்த அம்மா அவசரத்தில் கடலையைக் கொட்டிக் கொடுத்தது, அன்று கேனைச் சுற்றி வந்த அதே சாக்கில். இன்னும் ஒரு சாண் குனிந்தால் சீனியம்மாளின் மூக்கு அதைத் தொட்டுவிடும். தொட்டால், யாருடைய சாக்கு என்று கேட்பார்.

சாக்கைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"எம்மேலதாண்ணே அடிக்குது. லாண்டரி வாடை."

"காலையில வரலையேம்மா? நான்தான பாத்தேன்?"

"வேர்த்தாக் கெளம்பும்ணே."

பஸ்ஸில் யாரோ சிரித்தார்கள். கண்டக்டர் விசிலை ஊதினார். கருவேலமரங்களைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில் இறங்கினேன். சீனியம்மாள் சன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிவிட்டார்.

"ஏ தாயி, மூட்டையாச்சும் குடு! எங்க வீட்டுல வச்சுருக்கேன், பெறகு வாங்கிக்க!"

"வேண்டாம்மா! வேண்டவே வேண்டாம்!"

கடலைக்கு இவ்வளவு ஆசையா என்று அவர் நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும். அடுத்த பஸ் வரும்வரை நிழலில் உட்கார்ந்து கொஞ்சம் உடைத்துத் தின்றேன். நல்ல கடலை. லேசாக வாடை அடித்தது.

அந்தச் சேலை இப்போது நம் வாடிக்கை. விசேஷம் எது வந்துபோனாலும் பெட்ரோல் வாஷுக்கு வரும். வாழை இலைப் பச்சை, அரக்கு பார்டர், பார்த்தால் தெரிந்துகொள்வீர்கள். திரும்ப வாங்கும் நாளில் சம்மந்திகள் இருவரும் சேர்ந்துதான் வருவார்கள். ஒட்டிப் பிறந்தவர்கள் போல இருப்பார்கள். ஒருத்தர் திரும்பி நிற்கும்போது மற்றவர் சேலையின் அடி மூலையை எடுத்து ஒருமுறை முகர்ந்துகொள்வார். பிறகு இவர் திரும்பிக்கொள்ள, அவர் முகர்வார். அந்த நேரத்தில் அவர்கள் முகத்தைப் பார்க்காதீர்கள், சிரித்துவிடுவீர்கள். நான் மேசைக்கு அடியில் குனிந்து, விழாத ஊசியைத் தேடுவேன். இருவரும் முகர்ந்து முடித்த பிறகுதான் அது கிடைக்கும்.